ஈரலில் பஞ்சம், குடலில் வெள்ளம்

கோவில்பத்திலிருந்து காரைக்கால் நகரைக் கடந்து நாகூர் சாலையில் தெற்கே போனால் எல்லையில் வாஞ்சூர். இந்தப் பக்கம் மதுக்கடைகள், அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் காவல்துறையின் சோதனை. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் மதுவுக்கு வரி குறைவு என்பதால் ‘காரைக்கால் சரக்கு’க்கு நாகை, மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களில் நெடுங்காலமாகவே கிராக்கி உண்டு. சாராயக் கடையும் கள்ளுக்கடையும் ஏலம் எடுத்துச் சட்டப்படியே நடக்கும் பகுதி இது. ஆகவே ஈரல் நோயை இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ‘ஈரல் சுருங்கிப்போச்சு’, ‘வயித்துல தண்ணி கோத்துக்கிச்சு’, ‘ரத்தமா வாந்தி எடுத்தாரு’ என்ற மூன்று வாக்கியங்களுக்குள் ஒரு குடும்பத்தின் பல ஆண்டுத் துயரம் அடங்கிவிடும்.

இந்த மூன்றில் முதலாவது மட்டுமே ஈரலைப் பற்றியது. ரத்த வாந்தி உணவுக்குழாயிலிருந்து வருகிறது. வயிற்றில் தண்ணீர் கோத்துக்கொள்வதில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஈரலில் தொடங்கிய கோளாறு உடலின் ரத்த ஓட்டம் முழுவதையும் எப்படிக் குலைத்துப்போடுகிறது என்பதே இந்த நோயின் உண்மையான கதை. அந்தக் கதையில் ஓரணு நைட்ரஜனும் ஓரணு ஆக்சிஜனும் சேர்ந்த மிகச் சிறிய மூலக்கூறு ஒன்றுக்கு மையமான இடம் இருக்கிறது. அதன் பெயர் நைட்ரிக் ஆக்சைடு. கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் அதைப் பற்றிச் சேர்ந்த அறிவு ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இரண்டு செய்திகளைச் சொல்கிறது: கெட்டுப்போன ஈரலுக்குள் அது போதாமல் போகிறது, ஈரலுக்கு வெளியே அது மிதமிஞ்சிப் போகிறது. இரண்டும் ஒரே ஆளின் உடலில், ஒரே நேரத்தில்.

முற்றிய ஈரல் சுருக்க நோயாளியின் கையைப் பிடித்துப் பார்த்தால் முதலில் வியப்பு வரும். மெலிந்த உடல், வற்றிய தோள், ஆனால் உள்ளங்கை கதகதப்பாக, ஓரங்களில் சிவந்து இருக்கும். நாடி துள்ளி விழும். ரத்த அழுத்தம் எடுத்தால் 96/54 என்று நிற்கும். பல ஆண்டுகளாகக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிட்டவருக்கு அந்த மாத்திரையே தேவைப்படாமல் போயிருக்கும். ‘பிரஷர் தானா சரியாயிடுச்சு’ என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அது நல்ல சேதி அல்ல. மார்பிலும் தோளிலும் சிலந்தி போலக் கால் பரப்பிய சிவப்புப் புள்ளிகள் தெரியும். நடுப்புள்ளியை விரல்நுனியால் அழுத்தினால் கால்கள் வெளுத்துப்போகும், விரலை எடுத்தவுடன் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ரத்தம் பாய்ந்து மறுபடி சிவக்கும். சிறு தமனி ஒன்று கட்டுப்பாடின்றித் திறந்து கிடப்பதைத் தோலுக்கு மேலேயே காட்டும் அடையாளம் அது.

1953இல் பாஸ்டனைச் சேர்ந்த கோவால்ஸ்கி, ஆபெல்மன் என்ற இரு மருத்துவர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளின் இதயம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ரத்தத்தை வெளியேற்றுகிறது என்று அளந்தார்கள். சாகக் கிடப்பவரின் இதயம் தளர்ந்திருக்கும் என்பதுதானே பொது எண்ணம்? பலருக்கு இதயம் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. அழுத்தம் குறைவு, ஓட்டம் அதிகம். குழாய்கள் எங்கேயோ அகலத் திறந்து கிடக்கின்றன என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை. எங்கே, ஏன், யார் திறந்துவிட்டது என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்க அதன்பின் நாற்பது ஆண்டுகள் ஆயின.

போர்ட்டல் சிரையின் அமைப்பை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உடலில் மற்ற சிரைகள் ஏறக்குறைய எல்லாமே ரத்தத்தை நேரே இதயத்துக்குக் கொண்டுபோகின்றன. குடல், இரைப்பை, மண்ணீரல், கணையம் இவற்றிலிருந்து வரும் ரத்தம் மட்டும் போர்ட்டல் சிரையில் கூடி, ஈரலுக்குள் போய், மீண்டும் நுண்குழாய்களாகப் பிரிந்து, வடிகட்டப்பட்டு, அதன் பிறகே இதயத்தை அடைகிறது. நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் ஈரல் வழியே போகிறது. அதில் முக்கால் பங்கு இந்தச் சிரை கொண்டுவருவது. இவ்வளவு வெள்ளத்தை ஈரல் மிகக் குறைந்த அழுத்தத்திலேயே உள்வாங்கிக்கொள்கிறது. நுழைவாயிலுக்கும் வெளிவாயிலுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு நலமான ஒருவருக்கு 5 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டாது. அது 10ஐத் தொட்டால் சிக்கல்கள் தொடங்கும். 12ஐத் தாண்டினால் உணவுக்குழாயின் அடிப்பகுதியில் புடைத்து நிற்கும் சிரைகள் வெடிக்கக்கூடும். மேல்கையில் பட்டையைச் சுற்றி அளக்கும் 120, 80 என்ற எண்களோடு ஒப்பிட்டால் இவை அற்பமான எண்கள். ஆனால் உயிர் போவதும் இருப்பதும் இந்த ஏழெட்டு மில்லிமீட்டரில்தான்.

கடைமடை விவசாயம் தெரிந்தவர்களுக்கு மீதிக் கதையை விளக்குவது சுலபம். காவிரி டெல்டாவின் கடைக்கோடியில் காரைக்கால் இருக்கிறது. 2007இல் நடுவர் மன்றம் தந்த இறுதித் தீர்ப்பில் இந்தப் பகுதிக்காகப் புதுச்சேரிக்கு ஒதுக்கப்பட்டது 7 டி.எம்.சி. ஒதுக்கீடு தாளில் இருந்தாலும், மேலே வழிநெடுகிலும் மதகுகள் திறந்து கிடந்தால் அரசலாற்றின் கடைசி வாய்க்காலில் தண்ணீர் ஏறாது. மேட்டூரில் எவ்வளவு திறந்துவிட்டாலும் நடுவழி வயல்கள் மூழ்கும், கடைமடை காயும். ஈரல் சுருக்க நோயாளியின் உடலில் நடப்பது இதுதான். இதயம் கூடுதலாகத் திறந்துவிடுகிறது, குடலின் தமனிகள் எல்லா மதகையும் தூக்கி வைத்திருக்கின்றன, சிறுநீரகம் கடைமடையாகிக் காய்கிறது. ரத்தம் போதவில்லை என்று உணரும் சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. பிடித்துவைத்த நீரும் போய்ச் சேர்வது ஏற்கெனவே வெள்ளக்காடாக இருக்கும் வயிற்றுப் பகுதிக்குத்தான். 1988இல் ராபர்ட் ஷ்ரியரும் அவருடைய சகாக்களும் முன்வைத்த ‘புறத்தமனி விரிவுக் கருதுகோள்’ என்பது சாரத்தில் இவ்வளவே. மதகைத் தூக்கும் கை எது என்பதை மட்டும் அந்தக் கருதுகோள் சொல்லவில்லை.

அந்தக் கை எது என்பதற்கான துப்பு ஈரலோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் ஆய்வகத்தில் கிடைத்திருந்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனியைச் சிறு துண்டுகளாக வெட்டி, உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, மருந்துகளுக்கு அவை சுருங்குகின்றனவா, தளர்கின்றனவா என்று பார்த்துவந்தார். அசெட்டைல்கோலின் சேர்த்தால் துண்டு சுருங்கும் என்பது அவருடைய பல ஆண்டு அனுபவம். ஆனால் உயிருள்ள உடலில் அதே பொருள் குழாயைத் தளர்த்துகிறது. இந்த முரண்பாட்டை எல்லோரும் அறிந்திருந்தார்கள், யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1978இல் ஆய்வக உதவியாளர் ஒருவர் செய்முறையின் வரிசையை மாற்றிச் செய்துவிட, துண்டு சுருங்குவதற்குப் பதில் தளர்ந்தது. காரணத்தைத் தேடிப்போனபோது தெரிந்தது, முன்பெல்லாம் துண்டை வெட்டித் தயாரிக்கும்போதே அதன் உட்பக்கம் உராய்ந்து, ஒற்றை அடுக்கு உட்சுவர் செல்கள் உதிர்ந்துவிட்டிருந்தன. செல்கள் இருந்தால் தளரும், இல்லாவிட்டால் சுருங்கும். அப்படியானால் அந்தச் செல்கள் ஏதோ ஒன்றைச் சுரக்கின்றன. 1980இல் ஜவாட்ஸ்கியோடு சேர்ந்து அவர் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை மருத்துவத்தின் பார்வையையே மாற்றியது. குழாயின் வெறும் உள்பூச்சாகக் கருதப்பட்ட அடுக்கு ஒரு சுரப்பி போல வேலை செய்வது தெரியவந்தது.

சுரக்கும் பொருள் நைட்ரிக் ஆக்சைடுதான் என்பதை 1987இல் லண்டனை அடுத்த பெக்கன்ஹாம் வெல்கம் ஆய்வகத்தில் சல்வடோர் மொன்காடாவின் குழு நிறுவியது. லூயி இக்னாரோவும் அதே முடிவுக்குத் தனியே வந்தார். ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஒரு நொதி இந்த வாயுவை உண்டாக்குகிறது. சில விநாடிகளே அதன் ஆயுள். அதற்குள் அது பக்கத்துத் தசைச் செல்லுக்குள் ஊடுருவி, அதைத் தளரச் செய்துவிடும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை செய்யும் வேலையும் உடலுக்குள் இதே வாயுவை வெளியிடுவதுதான். அவ்வகை மருந்துகள் இயங்கும் விதத்தை ஃபெரிட் முராத் 1977லேயே காட்டியிருந்தார். ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. மொன்காடாவுக்குக் கிடைக்கவில்லை. அது அநியாயம் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு, நானும் அந்தப் பக்கம்தான்.

மொன்காடா ஈரல் விஷயத்திலும் முந்திக்கொண்டார். 1991இல் பேட்ரிக் வேலன்ஸும் அவரும் ‘லான்செட்’ இதழில் ஒரு கருதுகோளை வெளியிட்டார்கள். கெட்டுப்போன ஈரல் குடலிலிருந்து வரும் பாக்டீரிய நச்சை வடிகட்டாமல் விட்டுவிடுகிறது. அந்த நச்சு ரத்தக்குழாய்ச் சுவர்களில் அழற்சியின்போது தோன்றும் நொதியைத் தூண்டுகிறது. அந்த நொதி நைட்ரிக் ஆக்சைடைக் கொட்டுகிறது. குழாய்கள் விரிகின்றன. சுருக்கமான கட்டுரை, அழகான விளக்கம். அடுத்த பத்தாண்டு ஆய்வுகள் அதில் பாதி சரி, பாதி தவறு என்று காட்டின. விரிவுக்கு நைட்ரிக் ஆக்சைடு காரணம் என்பது சரி. ஈரல் சுருக்கமுள்ள எலிகளுக்கு நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால், மிகுந்திருந்த ரத்த ஓட்டம் வழக்கமான நிலைக்குத் திரும்பியது. ஆனால் அழற்சி நொதியைக் குடலின் தமனிகளில் தேடியவர்களில் பெரும்பாலோருக்கு அது அகப்படவில்லை. எல்லோருடைய குழாய்களிலும் எப்போதும் இருக்கும் சாதாரண உட்சுவர் நொதிதான் அங்கே மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தது.

இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த சோதனை மிக எளியது. மயக்கிய எலியின் போர்ட்டல் சிரையை ஒட்டி 20ஆம் எண் மழுங்கல் ஊசி ஒன்றைப் படுக்க வைப்பார்கள். சிரையையும் ஊசியையும் சேர்த்துப் பட்டுநூலால் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். பிறகு ஊசியை உருவி எடுத்துவிடுவார்கள். ஊசியின் பருமன் அளவுக்கே வழி மிஞ்சும். ஈரல் முற்றிலும் நலமாக இருக்கிறது, நச்சைச் சுத்திகரிக்கும் அதன் ஆற்றலில் குறையில்லை, வழி மட்டும் குறுகியிருக்கிறது. அப்படியிருந்தும் சில நாட்களில் அந்த எலியின் குடல் தமனிகள் விரிந்து, இதயத்தின் வெளியேற்றம் கூடி, மனித நோயாளியின் ரத்த ஓட்டத்தையே அது அப்படியே காட்டும். யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட்டோ குரோஸ்மனின் குழுவும் பார்சிலோனாவில் ஜாயம் போஷின் குழுவும் இந்த எலிகளை வைத்தே நிகழ்வின் வரிசையைப் படிப்படியாகப் பிரித்துப்பார்த்தன. கட்டுப் போட்ட சில மணி நேரத்திலேயே குடலின் நுண்குழாய்கள் அழுத்த உயர்வை உணர்ந்துவிடுகின்றன. இரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணி கூடுகிறது, உட்சுவர் நொதியின் மீது ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொண்டு அதை முடுக்கிவிடுகிறது. ஓட்டம் கூடக் கூட, குழாய்ச் சுவரில் ரத்தம் உராயும் விசை கூடுகிறது. அந்த உராய்வே நொதியை இன்னும் தூண்டுகிறது. தொடங்கிய பின் தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் சுழற்சி இது. ஈரல் சுருக்கத்தில் குடல் பாக்டீரியாக்கள் நிணநீர்க் கணுக்களுக்குள் தப்பிப் போவதும் நடந்தால், சுழற்சி வேகமெடுக்கும். 1999இல் ரெய்னர் வீஸ்ட்டும் குரோஸ்மனும் காட்டியது அதை. வேலன்ஸும் மொன்காடாவும் சொன்ன பாக்டீரிய நச்சு அப்படிப் பின்வாசல் வழியாகத் திரும்ப வந்துசேர்ந்தது.

எல்லாம் பொருந்திவந்த நேரத்தில் 2002இல் ஒரு சங்கடம். உட்சுவர் நொதி, அழற்சி நொதி இரண்டின் மரபணுவும் நீக்கப்பட்ட எலிகளில் யாசுகோ இவாகிரியும் குரோஸ்மனும் அதே கட்டைப் போட்டுப் பார்த்தார்கள். நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்க வழியில்லாத குழாய்கள் விரியக் கூடாது. விரிந்தன. உடலுக்கு வேறு கைகளும் இருக்கின்றன: புரோஸ்டாசைக்ளின், கார்பன் மோனாக்சைடு, உடலே சுரக்கும் கஞ்சா போன்ற பொருட்கள், ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஒன்றைக் கட்டிப்போட்டால் மற்றொன்று அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. நைட்ரிக் ஆக்சைடை ஒற்றை வில்லனாக எழுதும் பாடப்புத்தகங்கள் இந்த எலிகளைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை.

இனி ஈரலுக்குள். ஈரலின் நுண்குழாய்கள் நெரிவது நெடுங்காலம் வெறும் தழும்புக் கதையாகவே பார்க்கப்பட்டது: குடியோ, மஞ்சள்காமாலை வைரஸோ, கொழுப்போ ஈரலைப் புண்ணாக்குகிறது, புண் ஆறித் தழும்பாகிறது, தழும்பு குழாயை நெரிக்கிறது. இதில் பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. ரத்த ஓட்டத்துக்கு ஈரல் காட்டும் எதிர்ப்பில் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தழும்பால் வருவதல்ல, அந்தந்த நேரத்தில் குழாய்கள் சுருங்கி நிற்பதால் வருவது. 1998இல் ராக்கியும் சங்கும் ஒருபுறம், யேலில் குப்தாவும் குரோஸ்மனும் மறுபுறம், ஈரல் சுருக்கமுள்ள எலியின் ஈரலுக்குள் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தி குறைந்துபோயிருப்பதைத் தனித்தனியே காட்டினார்கள். நொதி காணாமல் போய்விடவில்லை. இருக்கிறது, வேலை செய்வதில்லை. அடுத்த ஆண்டில் விஜய் ஷாவும் சகாக்களும் காரணங்களில் ஒன்றைக் கண்டார்கள். கேவியோலின் என்ற புரதம் ஈரல் சுருக்கத்தில் பெருகி, நொதியைப் பிடித்துக் கட்டிவைக்கிறது. உண்டாகும் சொற்ப நைட்ரிக் ஆக்சைடையும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தில் பிறக்கும் சூப்பர் ஆக்சைடு அழித்துவிடுகிறது. தளர்த்துபவர் இல்லாத இடத்தில் சுருக்குபவரான எண்டோதீலின், நுண்குழாயைச் சுற்றியிருக்கும் நட்சத்திர வடிவச் செல்களைப் பிடித்து இழுக்கிறது. குழாய் நெரிகிறது.

ஆக, ஒரே நொதி. குடலில் அதை ரத்தத்தின் உராய்வு ஓயாமல் விரட்டுகிறது, ஈரலில் ஒரு புரதம் அதைக் கட்டிப்போடுகிறது. ஈரலுக்குள் நெருக்கடி அழுத்தத்தைத் தொடங்கிவைக்கிறது, குடலில் வெள்ளம் அதைக் குறையவிடாமல் வைத்திருக்கிறது. அழுத்தம் தாங்காமல் ரத்தம் உணவுக்குழாய் வழியே, தொப்புளைச் சுற்றி, மலக்குடல் வழியே மாற்றுப் பாதைகளை வெட்டிக்கொள்கிறது. பாதை திறந்தால் அழுத்தம் இறங்கத்தானே வேண்டும்? இறங்குவதில்லை, ஏனெனில் குடலிலிருந்து வரும் ஓட்டமும் அதே அளவுக்குக் கூடிவிடுகிறது.

இந்திய மருத்துவர்களின் கையில் இந்த இடத்தில் ஒரு தனிச் சாட்சி இருக்கிறது. மேலை நாடுகளில் போர்ட்டல் உயரழுத்தம் என்றால் பெரும்பாலும் ஈரல் சுருக்கம்தான். இங்கே அப்படியல்ல. பெரிய மண்ணீரலோடு, திடீரென ரத்த வாந்தி எடுத்துக்கொண்டு வரும் இளைஞரின் ஈரலைச் சோதித்தால் சுருக்கம் இருக்காது, ஈரலின் வேலையும் ஏறக்குறைய சரியாகவே இருக்கும். கல்கத்தாவிலிருந்து 1967இல் இந்த நோய் விரிவாகப் பதிவாயிற்று. 1969இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் கூட்டிய பயிலரங்கில் ‘சுருக்கமில்லா போர்ட்டல் நார்க்கட்டு’ என்ற பெயரையே வைத்தார்கள். சண்டிகரிலிருந்து தத்தாவும் சகாக்களும் 1979இல் அப்படிப்பட்ட சிலரின் நோய்க்கு நாட்பட்ட ஆர்செனிக் நச்சைக் காரணமாகச் சுட்டினார்கள். வேலூர் சி.எம்.சி.யின் சி.இ. ஈப்பன் பிரிட்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2011இல், இந்த நோயாளிகளின் ரத்தத்தில் உறைதலோடு தொடர்புள்ள ஒரு நொதி தொடர்ந்து குறைவாக இருப்பதைக் காட்டினார். ஈரலின் சின்னஞ்சிறு சிரைகளில் நுண்கட்டிகள் அடைத்துக்கொள்வதே தொடக்கமாக இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு அது வலுச் சேர்த்தது.

இன்னொரு நோயில் போர்ட்டல் சிரையே அடைத்துக்கொள்கிறது. பச்சிளம் பருவத்தில் தொப்புள்கொடிப் புண்ணில் கிருமி புகுந்து, அந்த வழியே சிரைக்குள் ரத்தம் உறைந்துபோவது ஒரு காரணம். பல குழந்தைகளுக்குக் காரணம் கடைசிவரை தெரிவதில்லை. பள்ளிக்கூட வயதில் ஒருநாள் குழந்தை ரத்த வாந்தி எடுக்கும். ஈரல் நலமாக இருக்கும். கட்டுப் போட்ட எலிக்கு ஆய்வகத்தில் நேர்ந்தது இந்தக் குழந்தைக்கு இயல்பாகவே நேர்ந்திருக்கிறது. தில்லி கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனையில் ஷிவ் சரினின் குழு இப்படிச் சிரையடைப்பு உள்ளவர்களின் இதய, நுரையீரல் ரத்த ஓட்டத்தை அளந்து 2009இல் வெளியிட்டது. இன்னும் முற்றாத ஈரல் சுருக்க நோயாளிகளுடையதைப் போலவே அது இருந்தது. ஈரல் கெட்டதால் குழாய்கள் விரிவதாக இருந்தால், நல்ல ஈரல் உள்ளவர்களுக்கு இது வரக்கூடாது. அழுத்தம் ஒன்றே போதும், ஈரலின் சீரழிவு அதை மோசமாக்குகிறது என்று எலிகள் சொன்னதை மனிதர்களில் காட்டிய ஆய்வாகவே நான் இதைப் படிக்கிறேன். உலகப் பாடப்புத்தகங்கள் தர வேண்டிய இடத்தை இதற்குத் தரவில்லை.

நைட்ரிக் ஆக்சைடின் உயிரியலைத் தமிழ்நாட்டுக்குள் நேரடியாக ஆராய்ந்தவர்களும் உண்டு. விஜய் ஷாவின் மேயோ கிளினிக் ஆய்வகத்தில் உட்சுவர் நொதி செல்லுக்குள் இடம்மாறும் விதத்தை ஆராய்ந்த சுவ்ரோ சாட்டர்ஜி, பிறகு சென்னை குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையத்தில் இரத்தக்குழாய் உயிரியல் ஆய்வை நடத்தினார். அந்த ஆய்வுகளில் பல ஈரலைப் பற்றியவை அல்ல, குழாய்கள் புதிதாக முளைப்பதில் இந்த வாயுவின் பங்கு பற்றியவை. ஆனால் போர்ட்டல் உயரழுத்தத்தில் மாற்றுப் பாதைகள் முளைப்பதும் அதே வேலைதான்.

இவ்வளவு தெரிந்த பின் மருந்து கிடைத்திருக்க வேண்டுமே? இங்கேதான் முரண் கடிக்கிறது. ஈரலுக்குள் குறைவு என்று நைட்ரிக் ஆக்சைடைக் கொடுத்தால் அது ஈரலுக்கு மட்டும் போவதில்லை. சார்பிட்ரேட் வகை மாத்திரையான ஐசோசார்பைடு மோனோநைட்ரேட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே தாழ்ந்த ரத்த அழுத்தம் மேலும் தாழ்ந்தது. இத்தாலியில் நடந்த நீண்டகால ஆய்வில் 50 வயதைத் தாண்டியவர்களில் அதைச் சாப்பிட்டோர் புரோபிரனலால் என்ற பழைய மாத்திரையைச் சாப்பிட்டோரைவிட அதிகமாக இறந்தார்கள். ஈரலுக்குள் மட்டுமே வாயுவை வெளியிடும் என்று வடிவமைக்கப்பட்ட என்.சி.எக்ஸ்-1000 என்ற மருந்து எலியில் நன்றாக வேலை செய்தது, மனிதர்களில் ஈரல் அழுத்தத்தைக் குறைக்கவில்லை, உடல் ரத்த அழுத்தத்தைத்தான் குறைத்தது. சரி, வெளியே மிகுந்திருப்பதைத் தடுக்கலாம் என்றால் அதுவும் ஆபத்து. கிருமித் தாக்கத்தால் அழுத்தம் விழுந்த நோயாளிகளுக்கு நைட்ரிக் ஆக்சைடு தடுப்பு மருந்து கொடுத்த பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. மருந்து பெற்றவர்களில் 59 சதவீதம் பேரும், பெறாதவர்களில் 49 சதவீதம் பேரும் 28 நாட்களுக்குள் இறந்திருந்தார்கள். அது ஈரல் நோயாளிகளின் ஆய்வல்ல. ஆனால் அதற்குப் பிறகு ஈரல் நோயாளிகளிடம் அந்தத் துணிச்சலைக் காட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

வென்றது அந்தப் பழைய மாத்திரை. ரத்தக்குழாய் நைட்ரிக் ஆக்சைடைச் சுரப்பது தெரியாத 1980இல் பாரிஸில் திதியே லெப்ரெக், இதயத் துடிப்பைத் தணிக்கும் புரோபிரனலால் போர்ட்டல் அழுத்தத்தையும் இறக்குகிறது என்று கண்டார். அடுத்த ஆண்டு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த 74 பேர் ஆய்வில், மருந்து பெற்றவர்களில் 96 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் மறுபடி ரத்தக்கசிவு இல்லை. வெற்று மாத்திரை பெற்றவர்களில் அது 50 சதவீதம்தான். இந்த மாத்திரை நைட்ரிக் ஆக்சைடோடு சண்டைக்கே போவதில்லை. இதயத்தின் வெளியேற்றத்தைக் குறைக்கிறது, குடல் தமனிகள் சுருங்க இடம் கொடுக்கிறது. வெள்ளம் தணிந்தால் அழுத்தமும் இறங்குகிறது. இன்று அதன் இடத்தைக் கார்வெடிலால் பிடித்துவருகிறது. புரோபிரனலாலின் வேலையோடு ஈரலுக்குள் இருக்கும் இறுக்கத்தையும் அது கொஞ்சம் தளர்த்துகிறது. ஸ்பெயினில் 201 பேரை வைத்து நடந்து 2019இல் வெளியான ஆய்வில், நோய் முற்றுவதோ இறப்போ நேர்ந்தவர்கள் இவ்வகை மருந்துகளைச் சாப்பிட்டோரில் 16 சதவீதம், சாப்பிடாதோரில் 27 சதவீதம். வீட்டார் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மேல் அழுத்தம் 90க்குக் கீழே போனால் மருத்துவரிடம் கேட்டு இதைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். முன்பு நல்லது செய்த மாத்திரை அந்தக் கட்டத்தில் சிறுநீரகத்துக்குக் கேடாகிவிடும்.

ஈரலுக்குள் மட்டும் நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டும் வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கொழுப்பைக் குறைக்க நாட்டில் எத்தனையோ பேர் சாப்பிடும் ஸ்டாட்டின், ஈரலின் உட்சுவர் நொதியை முடுக்கிவிடுவதைப் பார்சிலோனா குழு 2004இல் காட்டியது. அங்கிருந்தே வந்த 2016 ஆய்வில், ரத்தம் கக்கி மீண்டவர்களுக்கு வழக்கமான சிகிச்சையோடு சிம்வாஸ்டாட்டின் சேர்த்துக் கொடுத்தார்கள். மறுபடி ரத்தம் கக்குவது குறையவில்லை, ஆனால் இறந்தவர்கள் 22 சதவீதத்துக்குப் பதில் 9 சதவீதம். முக்கிய எதிர்பார்ப்பில் தோற்று, உயிர்காப்பதில் வென்ற விசித்திரமான ஆய்வு அது. பின்னர் ஐரோப்பாவில் முற்றிய நோயாளிகளுக்கு அதையே ரிஃபாக்சிமின் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. முற்றிய ஈரலில் ஸ்டாட்டின் தங்கித் தசையைச் சிதைக்கும் அபாயமும் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் கொலஸ்டிரால் மாத்திரையைக் கேட்டு வாங்கிச் சாப்பிடும் விஷயம் இல்லை இது. மருந்தில்லாத வழியும் ஒன்றுண்டு: குடியை விட்டவர்களில் பலருக்குச் சில மாதங்களிலேயே போர்ட்டல் அழுத்தம் குறைவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். தழும்பு அவ்வளவு சீக்கிரம் கரையாது. முதலில் இறங்குவது அழற்சியும் அதோடு சேர்ந்த இறுக்கமும்.

கடைசியாக நுரையீரல். ஈரல் நோயாளிகள் சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் மூச்சு வாங்கும், படுத்தால் சரியாகும். இதய நோயாளிக்கு நேர்மாறானது இது. நுரையீரலில் 8 முதல் 15 மைக்ரான் அகலமே இருக்க வேண்டிய நுண்குழாய்கள் 100 மைக்ரான் வரைகூட அகன்றுவிடுவதால், ரத்தம் ஆக்சிஜனைப் பெறாமலே விரைந்து கடந்துவிடுகிறது. இவர்கள் வெளிவிடும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு கூடுதலாக இருப்பதை 1990களிலேயே அளந்தார்கள். கண்டுபிடிக்கும் சோதனையும் எளிது. உப்புநீரை இரு ஊசிக்குழல்களுக்கு இடையே முன்னும் பின்னும் அடித்து நுண்குமிழிகள் உண்டாக்கி, கைச் சிரையில் ஏற்றி, எக்கோ கருவியில் இதயத்தைப் பார்ப்பார்கள். நலமானவருக்குக் குமிழிகள் இதயத்தின் வலப்பக்கத்தோடு நின்றுவிடும், நுரையீரல் அவற்றை வடிகட்டிவிடும். இவர்களுக்கு மூன்று முதல் ஆறு துடிப்புகளுக்குள் இடப்பக்கத்திலும் குமிழிகள் மின்னத் தொடங்கும்.

இந்த நுரையீரல் கோளாறுக்கு நிலைத்த பலன் தரும் மருந்து எதுவும் இல்லை. ஈரல் மாற்றப்பட்டால் அது பெரும்பாலும் மறைகிறது. சில மாதங்களில் தொடங்கி ஓராண்டுக்குள் ஆக்சிஜன் அளவு சீராகிவிடுகிறது, மூச்சில் நைட்ரிக் ஆக்சைடும் இறங்குகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இவ்வளவு குறைவாக இருப்பவருக்கு அறுவையைத் தாங்கும் சக்தி இராது என்று ஒரு காலத்தில் மாற்று அறுவையே மறுக்கப்பட்டது. இன்று அமெரிக்காவின் காத்திருப்புப் பட்டியலில் ஆக்சிஜன் அழுத்தம் 60 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதே காரணத்துக்காக முன்னுரிமைப் புள்ளிகள் கூட்டித் தரப்படுகின்றன.